ஞாயிறு இரவில் ஒரு மணித்தியாலம்

கிழக்கு மாகாணத்தில் கேட்கும் தமிழ் வானொலிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் மட்டக்களப்பில் ஸ்பீக்கர் கட்டும் தொழில் செய்பவன். எனக்கு முன்னர் அப்பா செய்தார். கோயில் திருவிழா, கந்தூரி, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, கூத்துக் களரி என்று இந்த மாவட்டத்தில் நாங்கள் வயர் இழுக்காத ஊர் குறைவு. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதற்கு முன்னர் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு கூத்துக்குப் போவதென்றால் சாமான்களைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து, அக்கரையில் ஒரு வண்டிலோ உழவு மெசினோ பிடித்துப் போகவேண்டும். இரவு ஒன்பது, பத்துக்குத் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். அம்பிளிபயருக்குப் பக்கத்தில் விழித்திருந்தே வளர்ந்தவன் நான். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். அதில் பாதி நேரம் அமெரிக்கக் கறுப்பு மக்களின் இசையான ஜாஸும் புளூஸும் போகட்டும். மற்றப் பாதியில் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் ஒலிப்பதிவு செய்த கூத்தும் நாட்டார் கவியும் வலை இழுப்போர் பாடும் அம்பாவும் போகட்டும். நடத்துபவர் தமிழில் கதைத்து இரண்டையும் விளங்கப்படுத்த வேண்டும். இதைவிட, நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இந்தக் கிழமை எந்த ஊரில் எந்தக் கூத்து அரங்கேறுகிறது, எந்த அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு, எந்த மண்டபத்தில் நாடகம் என்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கூத்து சரி, ஜாஸ் எதற்கு என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்பதைச் சொன்னால்தான் விளங்கும்.

அப்பாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்ட பிறகு சிற்றலையில் ஊசியை நகர்த்திக்கொண்டே இருப்பார். அப்படித்தான் வில்லிஸ் கொனோவரின் குரல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அமெரிக்காவின் குரல் வானொலியில் 1955இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய மனிதர். அந்த ஒலிபரப்பு வெளிநாடுகளுக்கு மட்டும் உரியது, உள்நாட்டில் கொடுக்க அமெரிக்கச் சட்டம் இடம்தரவில்லை. அதனால் அவருடைய சொந்த நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. கல்லடியில் எங்கள் வீட்டில் தெரிந்திருந்தது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் பின்தொடரட்டும் என்று சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, மிக மெதுவாகக் கதைப்பார். அப்பாவுக்கு அந்த அரைகுறை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. ஆனால் ஒரு கருவி கேட்க இன்னொரு கருவி பதில் சொல்கிறது என்பது பத்து வயதில் எனக்கு விளங்கியது. விளங்கியதற்குக் காரணம், அதற்கு முந்தின கிழமை களரியில் நான் அதைக் கேட்டிருந்தேன்.

கூத்தாடும் வட்டக்களரியில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரி என்ற தாளமும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். ஆடுகிறவர் அவர்களைச் சுற்றி வருவார். அவர் தரு என்ற கூத்துப் பாட்டைப் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். கூத்தில் இரண்டு வகை உண்டு: வடமோடியில் ஆட்டம் மிடுக்காக இருக்கும், தென்மோடியில் பாட்டு இழுத்து நிற்கும். இரண்டிலும் வாங்குவதும் கொடுப்பதும் ஓயாது. ஆட்டக்காரர் உற்சாகத்தில் ஓரிடத்தில் கூடுதலாக ஆடிவிட்டால் அண்ணாவியார் அவரை விட்டுவிட்டுப் போகமாட்டார், மத்தளத்தால் அவரைப் பிடித்துக்கொண்டு வருவார். ஜாஸ் குழுவில் சாக்சபோன்காரர் தனக்கு வந்த இடத்தில் மனம்போன போக்கில் வாசிக்கும்போது பின்னால் மேளக்காரர் செய்வதும் இதைத்தான். தாளக் கணக்கு வேறு, சுரம் வேறு, கதை வேறு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஒன்றைக் கேட்டுப் பழகிய காது மற்றதற்குத் தானாகத் திறக்கும் என்று சொல்கிறேன். எனக்குத் திறந்தது.

புளூஸ் இன்னும் கிட்டவான உறவு. அது அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் ரயில்பாதை போடும் இடங்களிலும் வேலை செய்த கறுப்பு மக்களின் பாட்டிலிருந்து வந்தது. ஒருவர் முன்னால் கூவ, மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுத்தபடி கோடரியை இறக்குவார்கள். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வலைக்காரரின் தலைவரான தண்டயல் நிற்க, ஒருவர் அம்பா எடுக்க, இழுக்கிற அத்தனை பேரும் ஏலேலோ என்று வாங்கும் அந்த நொடியில்தான் கயிறு நகரும். பாட்டு நின்றால் வலை நிற்கும். புளூஸ் பாட்டின் கட்டமைப்பும் அப்படித்தான்: முதல் அடியைச் சொல்வார், அதையே திரும்பச் சொல்வார், மூன்றாம் அடியில் பதில் வரும். திரும்பச் சொல்லும்போதே பாடகர் அடுத்த அடியைத் தேடிக்கொள்கிறார், கேட்கிறவரும் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பாடிப் பாடிக் கட்டுகிற நாலடிக் கவி எங்கள் பெண்களின் வாயில் எத்தனை இருந்தது! மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பாடும் கவிகளை அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் தாய்மார் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

வயல் பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சூடு மிதிக்கும் களத்தில், அதாவது நெற்கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும் இடத்தில், இரவிரவாக மாடுகளை வளைத்துக்கொண்டு பொலி பாடுவார்கள். களத்துக்குள் போனால் வீட்டில் பேசும் சொற்களைப் பேசக்கூடாது, களத்துக்கென்று தனிச் சொற்கள் உண்டு. இதெல்லாம் 1964இல் வி.சீ. கந்தையா எழுதிய மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலில் இருக்கிறது. களத்தில் இப்போது இல்லை. வெட்டு மெசின் வந்து ஒரு பகலில் வயலை முடித்துவிட்டுப் போகிறது. மெசினைக் குறை சொல்லமாட்டேன், இடுப்பொடியக் கையால் நெல் அறுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வேலை போனதும் அந்த வேலையின் பாட்டுக்கு இருக்க இடமில்லாமல் போனது.

மிசிசிப்பியிலும் இதே கதை நடந்தது. 1944இல் அங்கே கிளாக்ஸ்டேலுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பருத்தி பறிக்கும் மெசின்களை இறக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு கையால் பறிக்கும் ஆட்களுக்கு வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது, குடும்பம் குடும்பமாக வடக்கே போனார்கள். ஆனாலும் பாட்டு செத்துப்போகவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று உங்கள் கையில் இருப்பது போன்ற ஒரு வானொலி நிலையம்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஆர்கன்சா மாநிலத்தில், ஹெலீனா என்று ஒரு சிறிய ஊர். அங்கே கே.எஃப்.எஃப்.ஏ என்ற நிலையம் 1941 நவம்பர் 21ஆந் திகதி கிங் பிஸ்கட் டைம் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பகல் 12.15க்கு, கால் மணித்தியாலம். சன்னி போய் வில்லியம்சன் என்பவர் மவுத் ஓர்கன் வாசித்துப் பாடினார், ரொபர்ட் லொக்வூட் கிட்டார். இருவரும் நிலையத்துக்குள்ளேயே நேரடியாக வாசித்தார்கள். பணம் கொடுத்தது கோதுமை மா விற்கிற கம்பனி. ஏன் அந்த நேரம்? வயலில் வேலை செய்தவர்கள் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம் அது. தங்களைப் போன்ற ஒருவன், தங்கள் பேச்சில், தங்கள் பாட்டைப் பாடுவதை அவர்கள் சோற்றுக் கோப்பையோடு இருந்து கேட்டார்கள். அப்படிப் பகல் சாப்பாட்டு வேளையில் காது கொடுத்த பெடியன்களில் ஒருவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த பி.பி. கிங். அவர் மெம்பிஸுக்குப் போய் டபிள்யூ.டி.ஐ.ஏ என்ற வானொலியில் அறிவிப்பாளராகவும் இருந்தார். ஹெலீனாவில் மா கம்பனிக்கு வியாபாரம் எவ்வளவு நடந்ததென்றால், சன்னி போயின் படத்தைப் போட்டு அவர் பெயரிலேயே சோள மா விற்றார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளம்பரம் வராது என்பதுதான் நீங்கள் எனக்குச் சொல்லப்போகும் முதல் பதில். கிழக்கில் நெல் விளையாத ஊர் எது? அரிசி ஆலைகள் இல்லாத ஊர் எது? ஒரு மா கம்பனி புளூஸைத் தாங்கியது என்றால், கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு அரிசி ஆலைக்காரர் பொலிப்பாட்டைத் தாங்கமாட்டாரா? அந்தப் பாட்டு அவருடைய நெல்லைப் பற்றியது. நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் கேட்கிறேன்.

ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸ் என்ற பெயரும் மட்டக்களப்பாருக்கு அந்நியமானதல்ல. 1940களின் பிற்பகுதியில் இருந்து அந்த ஊர் இயேசு சபைக் குருமார் இங்கே வந்து படிப்பித்தார்கள். மில்லர் பாதர் அந்த நகரத்திலேயே பிறந்தவர். 1948இல் வந்து, மிக்கேல் கல்லூரியில் அதிபராக இருந்து, யுத்த காலம் முழுக்க எங்கள் சனத்தோடு நின்று, 2018 ஜனவரி முதலாந் திகதி இந்த ஊரிலேயே கண்மூடினார். ஹேபேர் பாதர் லூசியானாக்காரர். கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்தபோது, கூட வந்த தமிழ்ப் பெடியனோடு காணாமற்போனார். அவர்களைப் பற்றி இந்த ஊரில் இன்னும் கதைக்காத நாளில்லை. கூடைப்பந்தும் நிலைத்துவிட்டது. அந்த மனிதர்களின் ஊர் எந்த மேளத்தை அடிக்கிறது, சாவுக்கு எப்படிப் பாடுகிறது என்பதை மட்டும் நாங்கள் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். நியூ ஓர்லியன்ஸில் கொங்கோ சதுக்கம் என்று ஓரிடம் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மேளம் அடித்து ஆடுவதற்கு இருந்த இடம். ஜாஸின் வேரைத் தேடுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். அந்த ஊரில் ஒருவர் இறந்தால் ஊதுகுழல் குழு முன்னே போகும். சுடலைக்குப் போகும்போது மெதுவான சோகப் பாட்டு, அடக்கிவிட்டுத் திரும்பும்போது துள்ளல் பாட்டு, பின்னால் சனம் ஆடிக்கொண்டு வரும். எங்கள் ஊர்களில் சாவீட்டில் பறை அடிக்கிறவர்களுக்கும் அதற்கொரு அடி, கோயிலுக்கு வேறோர் அடி என்று கணக்கு இருக்கிறது. பறைமேளக் கூத்தாக அதை ஆடியும் காட்டுவார்கள்.

இந்த இடத்தில் மூடி மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். பறை அடித்த குடும்பங்களை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோயிலுக்கு மேளம் வேண்டும், மேளம் அடித்தவரை உள்ளே விடக்கூடாது என்று இருந்தோம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இனி அதைத் தொடமாட்டோம் என்று விட்டார்கள். அவர்களிடம் போய், இது நமது பாரம்பரியம், விடாதீர்கள் என்று புத்தி சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஜாஸையும் புளூஸையும் கூட அந்த நாட்டில் மரியாதையானவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு காலத்தில் வீட்டுக்குள் விடவில்லை. புளூஸைப் பேயின் பாட்டு என்றார்கள். அந்தக் கலைஞர்களின் பெயர் சொல்லப்பட்டு, இசைத்தட்டு வந்து, வானொலியில் குரல் வந்து, கையில் காசும் வந்தபோதுதான் சனம் பார்க்கும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆகவே பறை அடிப்பவரை நீங்கள் அழைத்தால் முழுப் பெயரைச் சொல்லுங்கள், அவர் ஊரைச் சொல்லுங்கள், அன்றைக்கே சம்பளத்தைக் கையில் கொடுங்கள். அலங்காரத்துக்கு ஒரு நிமிடம் அடிக்கவிட்டு அனுப்புவதாக இருந்தால் அழைக்கவே வேண்டாம்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர், எங்களுக்கு மாமா முறையான ஒரு அண்ணாவியாரின் கூத்தை விடிய விடிய ஒலிப்பதிவு செய்தேன். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். எங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் அந்த ஒரு இரவில் செய்தேன். மைக்கை மத்தளத்தின் வலந்தலைப் பக்கம் வைத்தால் பாட்டு அமுங்கிப்போகும், களரிக்கு வெளியே வைத்தால் பிற்பாட்டு கேட்காது. நடுவில், அண்ணாவியாரின் நெஞ்சு மட்டத்தில், கொஞ்சம் மேல்நோக்கி வைத்தேன். அப்படி வைத்தால் ஆடுகிறவர் சுற்றி வரும்போது அவர் குரலும் சதங்கையும் கிட்ட வந்து, விலகி, பின்னால் போய், திரும்ப வரும். கண்ணை மூடிக் கேட்டாலும் களரியின் வட்டம் தெரியும். கூத்து கண்ணுக்கானது, வானொலிக்குச் சரிவராது என்று சொல்கிறவர்கள் அந்தப் பதிவை ஒருதரம் கேட்கவேண்டும்.

அதை ஒரு வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோனேன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பின்னணியில் இரைச்சல் இருக்கிறது என்றார். அவர் இரைச்சல் என்றது சதங்கையை. மூன்று நிமிடத்துக்கு வெட்டித் தரச் சொன்னார். தைப்பொங்கலன்று காலையில் போடுவதாகச் சொன்னார்கள். மாமா குளித்து, வேட்டி கட்டி, அயல் வீட்டாரையும் கூட்டிவைத்து ரேடியோவுக்கு முன்னால் இருந்தார். இரண்டு விளம்பரத்துக்கு இடையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகப் போனது. எந்த ஊர்க் கூத்து என்று சொல்லவில்லை. அவர் பெயரும் இல்லை. முடிந்ததும் சனம் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனது. "சரி மனே, குரலாவது போய்ச்சே" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். அந்த ஆறு மணித்தியாலப் பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. உங்களில் யார் கேட்டாலும் தருவேன், வெட்டமாட்டேன் என்ற வாக்கை மட்டும் எனக்குத் தரவேண்டும்.

1941இல் அலன் லோமக்ஸ் என்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகக் காரில் பதிவுக் கருவியை ஏற்றிக்கொண்டு மிசிசிப்பிக்குப் போனார். ஒரு பண்ணைக் குடிலில் உழவு மெசின் ஓட்டுகிற ஒருவரைப் பாடவைத்துப் பதிந்து, அங்கேயே அவருக்குப் போட்டுக் காட்டினார். பிறகு இசைத்தட்டின் இரண்டு பிரதிகளையும் 20 டொலரையும் அனுப்பிவைத்தார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்ட அந்த மனிதருக்கு, தானும் ஒரு பாடகன் என்ற நம்பிக்கை வந்தது. இரண்டு வருடத்தில் சிக்காகோவுக்குப் போனார். அவர்தான் மடி வாட்டர்ஸ். மாமாவின் கதையை நினைக்கும்போதெல்லாம் இதையும் நினைப்பேன். பெயரோடு, முழுதாக, திருப்பிக் கேட்கவைத்தது மட்டும்தான் அங்கே நடந்த வித்தை. எங்கள் படுவான்கரையில் கூத்துப் பழகும் பெடியன்களுக்கு அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டை எழுதிக் கொடுத்து), பிறகு கிழமைக் கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் வேலை முடித்து வந்து பழகுகிறார்கள். அரங்கேற்றத்தன்று வருகிற சனம் போய்விட்டால் அதைப் பற்றி வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குத்தான் அந்த ஐந்து நிமிட அறிவித்தலைக் கேட்டேன். இதிலும் பார்த்துச் செய்ய ஒரு முன்மாதிரி இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸில் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் என்றொரு சமுதாய வானொலி, 1980 டிசம்பரில் தொடங்கியது. ஜாஸ், புளூஸ் என்று அந்த ஊரின் இசைதான் அங்கே பிரதானம், அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். இன்றிரவு எந்த இடத்தில் யார் வாசிக்கிறார் என்ற பட்டியலை ஒரு நாளில் பல தடவை வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சனம் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போகும். 2005இல் கத்ரீனா புயல் அடித்து ஊரே தண்ணீருக்குள் போனபோது, வேறு மாநிலத்திலிருந்து இணையத்தில் ஒலிபரப்பினார்கள், சிதறிப்போன சனம் அந்த வானொலியில் தங்கள் ஊரைக் கேட்டது. சுனாமிக்குப் பிறகு கல்லடி, டச்பார், நாவலடி முகாம்களில் இருந்தவர்களுக்கு ஊரின் சத்தம் எவ்வளவு தேவையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் அப்போது முகாம்களுக்கு ஸ்பீக்கர் கட்டினேன். காணாமற்போனவர்களின் பெயரை வாசிப்பதற்கு.

டச்பாரைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு விசயம். எங்கள் பறங்கி மக்களின் கலியாண வீடுகளில் வயலின், மண்டலின், றபான் வைத்துக் கப்ரிஞ்ஞா வாசிப்பார்கள், சோடி சோடியாக ஆடுவார்கள். போர்த்துக்கேயரின் பேச்சிலிருந்து வந்த மொழியை இன்னும் வீட்டில் பேசும் முதியவர்கள் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆபிரிக்கர்களைக் குறிக்கும் காப்பிரி என்ற சொல் ஒட்டியிருக்கிறது. கடல்கடந்து அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் இந்தத் தீவிலும் இருந்தார்கள். ஆகவே ஜாஸின் தூரத்து உறவு ஒன்று ஏற்கெனவே எங்கள் வாவிக்கரையில் குடியிருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கு முதல் கிழமை என்ன போடலாம் என்று என்னைக் கேட்டால், ஒரு நியூ ஓர்லியன்ஸ் ஊர்வலப் பாட்டையும் மட்டக்களப்புக் கலியாண வீட்டுக் கப்ரிஞ்ஞா ஒன்றையும் அடுத்தடுத்துப் போடச் சொல்வேன். விளக்கம் அதிகம் தேவைப்படாது.

உங்கள் அறிவிப்பாளர்கள் மட்டக்களப்பைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் மீன்பாடும் தேன்நாடு என்கிறார்கள். நல்லது, எங்களுக்கும் அதில் பெருமைதான். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து நானும் கேட்டிருக்கிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அந்த ஒலியை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், இசையாக வைத்துப் பாடினார். விஞ்ஞானம் படித்த துறவி. மறைந்துபோன யாழ்களை நரம்புக் கணக்கோடு மீட்டுத் தர உழைத்தவர். வாவிக்குள் கேட்ட ஒரு மெல்லிய சத்தத்துக்கு அவர் அவ்வளவு காது கொடுத்தார். வாவியின் இரு கரையிலும் வாய் திறந்து பாடுகிறவர்களுக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கொடுக்கக்கூடாதா?

நடத்த ஆள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே இசையும் நாடகமும் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது அவருக்குத் தோள் கொடுத்தது சி. மௌனகுரு போன்ற இந்த மண்ணின் மாணவர்கள்தான். அவருக்குப் பிறகும் ஆட்கள் குறையவில்லை. அம்பாறைப் பக்கத்துக்கு அட்டாளைச்சேனையில் பிறை எஃப்.எம் என்று அரச வானொலியின் பிராந்திய சேவையே இருக்கிறது. ஆளும் கருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அட்டவணையில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வேண்டும்.

சினிமாப் பாட்டைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பிடிக்கும், பாதிப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் நாள் முழுக்க நாலு நிமிடத்தில் முடியும் பாட்டையே கேட்ட காது, இருபது நிமிடம் ஒரே இசையோடு இருக்க மறந்துபோகிறது. களரியில் இன்றைக்குப் பெடியன்கள் நடுச்சாமத்தில் எழும்பிப் போவதை நான் அம்பிளிபயர் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பொறுத்திருந்து கேட்பதையும் வானொலிதான் பழக்கவேண்டும். எனக்கு அது சிற்றலையில் ஒரு அந்நியரின் மெதுவான குரலில் கிடைத்தது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தமிழிலேயே கிடைக்கலாம்.

அறுவடை முடிந்து கோயில் சடங்குகள் தொடங்கும் காலத்தில் படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறப் போகிறது. புதிதாகப் பழகிய பெடியன்கள். ஸ்பீக்கர் நான்தான் கட்டுகிறேன். ஊரையும் நாளையும் நேரில் வந்து சொல்கிறேன். மைக்கை மாமாவுக்கு வைத்த அதே இடத்தில், அதே உயரத்தில் வைப்பேன். மிக்சரில் ஒரு அவுட்டை யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்கென்று விட்டுவைக்கிறேன். ஒரு பதிவுக் கருவியும் வயரும் கொண்டு வாருங்கள். இரவுச் சாப்பாடு ஊரார் தருவார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்களையும் அண்ணாவியாரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, முன்கூட்டியே உங்கள் கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து
ஸ்பீக்கர் கட்டும் ஒருவன்